நீர்வழிக் குடித்தனம்

நுழையும்முன்

வீடு என்றவுடன் சுவரும் வாசலும் தெருவும் மனத்தில் எழுகின்றன. தெருவே இல்லாத, நாள்தோறும் ஊர் மாறுகிற வீட்டில் பிறந்து, வளர்ந்து, மணந்து, மூத்த குடும்பங்களும் உலகில் உண்டு. இங்கிலாந்தின் கால்வாய்ப் படகுகளில் குடித்தனம் நடத்திய அத்தகைய குடும்பங்களின் அன்றாடத்தைப் பருத்தி விளையும் கரிசல் மண்ணில் நின்று நோக்குகிறது இக்கட்டுரை.

இராசபாளையத்திற்கும் திருவில்லிபுத்தூருக்கும் இடையே பேருந்தில் ஏறத்தாழ அரைமணி நேரப் பயணம். மேற்கே மலைத்தொடர் மதில்போல் உடன் வருகிறது. கிழக்கே கரிசல் விரிந்து கிடக்கிறது. மலையில் பெய்த மழை ஓடைகளாய் இறங்கிக் கண்மாய்களை நிரப்ப வேண்டும். கண்மாய் நிறைந்தால் நெல். இல்லையேல் பருத்தி, சோளம், கம்பு என்பது இந்நிலத்தின் பழைய கணக்கு. ஐப்பசி, கார்த்திகையில் மறுகால் பாயும் அதே கண்மாய், மழை பொய்த்த ஆண்டின் பங்குனியில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். இத்தகைய ஊர்களில் படகுக்கு என்ன வேலை? திருவில்லிபுத்தூர்த் திருமுக்குளத்தில் நீர் நிறைந்த ஆண்டில் மிதக்கும் தெப்பத்தைத் தவிர, நீர்மேல் நிற்கும் எதையும் அருகில் சென்று பார்க்காதவர்கள் இங்கே பலர்.

தமிழில் மரக்கலத்துக்குப் பெயர்ப் பஞ்சம் இல்லை. ஓடம், தோணி, அம்பி, வள்ளம், வங்கம், நாவாய், பரிசல், கட்டுமரம், தெப்பம் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். ஆறு கடக்க ஒன்று, மீன் பிடிக்க ஒன்று, சரக்கேற்ற ஒன்று, போருக்கு ஒன்று. ஆயினும் குடியிருப்பதற்கென்றே அமைந்த கலத்தைச் சுட்டும் பழம்பெயர் எளிதில் நினைவுக்கு வருவதில்லை. ‘படகுவீடு’ என்னும் சொல் அண்மைக்கால வரவு. அதுவும் சுற்றுலாவோடு ஒட்டி வந்தது. கலம் என்பது புறப்பட்டுப் போவதற்கும் கரைக்குத் திரும்பி வருவதற்கும் உரியது. வீடு கரையில் இருப்பது. தமிழரின் எண்ணத்தில் இவ்விரண்டும் கலக்கவில்லை.

கலந்த இடங்கள் உலகில் சில உண்டு. காசுமீரத்தின் தால் ஏரியில் ஹாஞ்சி மக்கள் ‘டூங்கா’ என்னும் நீண்ட படகுகளில் சமைத்து உண்டு வாழ்ந்தனர். கம்போடியாவின் தோன்லே சாப் ஏரியில் ஊர்களே மிதக்கின்றன. ஏரி பெருகும்போது வீடும் உயர்கிறது. ஆங்காங் துறைமுகத்தில் தான்கா மக்கள் படகிலேயே பல தலைமுறை கண்டனர். இவர்கள் அனைவரும் தத்தம் நிலத்துக்கு உரியவர்கள். ஆனால் இங்கிலாந்தின் கால்வாய்க் குடும்பங்களோ, தாம் அறியாமலேயே இந்தக் கரிசல் மண்ணோடு உறவு பூண்டவர்கள். அந்த உறவைக் கட்டியது பருத்தி நூல்.

பஞ்சு போன வழி

திருவில்லிபுத்தூர் வட்டம் 1910ஆம் ஆண்டுவரை திருநெல்வேலி மாவட்டத்தில் அடங்கியிருந்தது. எனவே இப்பகுதிப் பருத்தியும் அயல்நாட்டு வணிகரின் பேரேடுகளில் ‘தின்னவேலிப் பருத்தி’ என்ற பெயரிலேயே இடம்பெற்றது. விதை நீக்கி, அழுத்திக் கட்டிய பொதிகள் மாட்டு வண்டிகளில் தூத்துக்குடிக்குச் சென்றன. 1870களின் நடுப்பகுதியில் இரயில் பாதை தூத்துக்குடியைத் தொட்டபின் வண்டிகளின் தொலைவு குறைந்தது. தூத்துக்குடியின் கரையோரக் கடல் ஆழம் குறைந்தது. பெரிய கப்பல்கள் பல கல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும்; தோணிகளே பொதிகளைச் சுமந்து சென்று அவற்றில் ஏற்றும். அங்கிருந்து இலிவர்ப்பூல்.

1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தது. அமெரிக்கப் பருத்தி வரத்து அறுந்தது. இலங்காசயர் ஆலைகள் வாயடைத்து நின்றன. ஆலைத் தொழிலாளர் பட்டினி கிடந்தனர். அந்நாளில் இந்தியப் பருத்திக்கு எழுந்த விலையேற்றம் கரிசல் உழவரின் முற்றத்தையும் எட்டியது. இந்தியப் பஞ்சின் இழை குட்டையானது, அடிக்கடி அறுந்தது. அறுந்த இழையை முடிந்து முடிந்து அலுத்த தொழிலாளர் அதை வெறுத்தனர். எங்கோ ஒரு நாட்டுப் போரால் இங்கே ஒருவன் கையில் காசு புரள்வதும், வேறெங்கோ ஒருத்தி விரல் நோவதும் பருத்தி வணிகத்தில் புதுமையல்ல.

இலிவர்ப்பூலில் இறங்கிய பொதிகளையும், ஆலைக் கொதிகலன்களுக்கு வேண்டிய நிலக்கரியையும் ஆலை வாயிலுக்குக் கொண்டுசேர்க்கும் வேலையை இரயிலும் கால்வாயும் பங்கிட்டுக்கொண்டன. கால்வாய்தான் இவற்றுள் மூத்தது. பிரிட்சுவாட்டர் கோமகன் தம் நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து மான்செசுட்டருக்கு வெட்டிய கால்வாய் 1761இல் திறக்கப்பட்டது. நகரில் கரியின் விலை ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. அதன்பின் நாடெங்கும் கால்வாய் வெட்டும் வேகம் பிறந்தது. இலீட்சையும் இலிவர்ப்பூலையும் இணைத்த கால்வாய் 1770இல் தொடங்கி 1816இல் முடிந்தது; அதன் நீளம் 127 மைல். நடுவே பென்னைன் மலைத்தொடர் குறுக்கிட்டது. மலையை நீர் எவ்வாறு ஏறும்?

கண்மாய் மடையைத் திறந்து அடைத்துப் பழகிய நீர்பாய்ச்சி ஒருவருக்கு இதனை எளிதில் விளக்கிவிடலாம். கால்வாயில் படிக்கட்டுப்போல் தொட்டிகள் கட்டப்பட்டன. ஒவ்வொரு தொட்டிக்கும் மேலும் கீழும் கதவுகள் உண்டு. படகு கீழ்க்கதவு வழியே உள்ளே நுழையும், கதவு மூடப்படும், மேல்மடையைத் திறந்தால் நீர் நிறையும், நீரோடு படகும் உயரும், பிறகு மேல்கதவைத் திறந்து வெளியேறலாம். இலீட்சு–இலிவர்ப்பூல் கால்வாயில் இத்தகைய தொட்டிகள் 91. பிங்கிலி என்னும் ஊரில் 1774இல் திறந்த ஐந்து தொட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்து படகை ஏறத்தாழ 18 மீட்டர் உயர்த்துகின்றன. இன்றும் அவை இயங்குகின்றன. இந்தத் தொட்டிக் கதவுகளின் பெருமரக் கைகளை முதுகு கொடுத்துத் தள்ளியவர்களுள் பெண்களும் பத்து வயதுப் பிள்ளைகளும் மிகுதி என்பதைக் கால்வாயின் பொறியியல் பெருமை பேசுவோர் பலர் சொல்வதில்லை.

பத்தடி அறை

நடு இங்கிலாந்தின் குறுகிய கால்வாய்களில் ஓடிய படகு ஏறத்தாழ 70 அடி நீளமும் 7 அடி அகலமும் உடையது. 70 அடி என்றவுடன் பெரிய வீடாகத் தோன்றும். அதில் அறுபது அடியளவும் சரக்குக்கே உரியது. இருபத்தைந்து, முப்பது டன் நிலக்கரியோ கோதுமையோ பருத்தியோ அங்கே நிறைந்திருக்கும். பின்புறத்தில் எஞ்சிய பத்தடி நீளமும் ஏழடி அகலமும்தான் குடும்பத்துக்கு. இராசபாளையத்து ஓட்டுவீட்டின் அடுக்களையை விடவும் அது சிறிது.

தொடக்கத்தில் பல படகோட்டிகளுக்குக் கரையில் வீடு இருந்தது. மனைவி மக்கள் அங்கே வாழ்ந்தனர். 1840களில் இரயில் பரவியபோது சரக்குக் கூலி விழுந்தது. கூலியாள் வைத்துக் கட்டுப்படியாகவில்லை. வீட்டு வாடகையும் சுமையாயிற்று. வீட்டை விட்டுவிட்டு மனைவியையும் பிள்ளைகளையும் படகிலேற்றிக்கொண்டால் வாடகை மிச்சம். துணையாள் கூலியும் மிச்சம். இவ்வாறு ஏறியவர்களின் பெயரர்கள் படகிலேயே பிறந்தனர். படகின் உரிமையாளர் கூலி கொடுத்தது குடும்பத் தலைவனுக்கு மட்டும். சுக்கான் பிடித்த மனைவிக்கும், குதிரையோடு நடந்த மகனுக்கும், கதவு தள்ளிய மகளுக்கும் தனிக்கூலி இல்லை. இதனைக் குடும்பப் பாசத்தின் கதையாகச் சொல்லும் வழக்கம் இன்று உண்டு. கணக்கேட்டின் கதையாகவும் அதைப் படிக்கலாம்.

அந்த அறைக்குள் ஒரு குடும்பம் எவ்வாறு அடங்கியது? கதவைத் திறந்து இறங்கியதும் இடப்புறம் இரும்பு அடுப்பு. அதுவே சமையலுக்கு, குளிர் காய்வதற்கு, ஈரத்துணி உலர்த்துவதற்கு. அடுப்பை அடுத்து ஓர் அலமாரி; அதன் கதவைக் கீழே மடித்து இறக்கினால் அதுவே உணவு மேசை. எதிர்ப்புறம் நீண்ட பலகை இருக்கை. பகலில் அமரவும் இரவில் பிள்ளைகள் படுக்கவும் உதவும். கோடியில் இன்னொரு அலமாரிக் கதவு. இரவில் அதைக் குறுக்கே சாய்த்தால் கணவன் மனைவிக்குக் கட்டில். ஒரே பொருள் பகலில் ஒன்றாகவும் இரவில் ஒன்றாகவும் மாறியது. எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்காத பிள்ளை அவ்வீட்டில் நிற்கவும் இடம் பெற்றிருக்காது.

இவ்வளவு நெருக்கடியிலும் அழகுக்கு அவர்கள் இடம் ஒதுக்கினர் என்பதே வியப்பு. கதவிலும் அலமாரியிலும் நீர்க்குடத்திலும் ரோசாப்பூக்களையும் கோட்டைகளையும் வண்ணத்தில் தீட்டினர். ஓரங்களில் பின்னல் வேலைப்பாடுடைய பீங்கான் தட்டுகளைச் சுவரில் வரிசையாகத் தொங்கவிட்டனர். பித்தளைக் குமிழ்களைத் துலக்கித் துலக்கிப் பொன்னாக்கினர். மார்கழியில் வாசலை அடைத்துக் கோலமிடும் பெண்ணுக்கு இதன் காரணத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

குடிநீர்க் குடம் அறையின் கூரைமேல் அமர்ந்திருக்கும். கால்வாய் நீர் துணி துவைக்கவும் தரை கழுவவும் ஆகும், குடிக்க ஆகாது. எனவே, குழாயோ கிணறோ உள்ள இடம் எங்கே வரும், அதுவரை இந்தக் குடம் தாங்குமா என்பது அம்மனைவியின் ஓயாத கணக்கு. சுற்றிலும் நீர், அளந்து குடிப்பதற்கு ஒரு குடம். இராசபாளையத்தின் குடிநீர் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தை நம்பியிருக்கிறது. அது வற்றிய கோடையில் தெருவில் வண்ண வண்ண நெகிழிக் குடங்களை வரிசையிட்டுத் தண்ணீர் வரும் நாளை எண்ணிக் காத்திருந்த பெண்களின் கணக்கும் இதுவேதான்.

ஒரு நாள்

படகுக் குடும்பத்தின் நாள் விடியும்முன் தொடங்கியது. முதல் வேலை குதிரைக்குத் தீனி. சாலையில் ஒரு குதிரை இழுக்கும் பாரத்தைப் போலப் பல மடங்கை அதே குதிரை நீரில் இழுத்துவிடும். குடும்பத்தின் பிழைப்பே அதன் கால்களில் இருந்தது. கால்வாய்க் கரையோரம் இழுவைப் பாதை. அதில் குதிரை நடக்கும். அதன் பின்னே பெரும்பாலும் ஒரு சிறுவனோ சிறுமியோ நடப்பர். ஒரு நாளில் இருபது மைலுக்கு மேலும் நடக்க நேரும். மழையும் பனியும் நடைக்கு விலக்கல்ல. சரக்கு சேர்ந்தால்தான் கூலி. நின்ற நாளுக்குக் கூலி இல்லை.

தாய் சுக்கானருகே நிற்பாள். ஒரு கை சுக்கானில். மறு கை அடுப்பில் கொதிக்கும் சட்டியைக் கவனிக்கும். இறைச்சியும் கிழங்கும் ஒரே பாத்திரத்தில் இட்டு நாள் முழுதும் மெல்ல வேகவைக்கும் சமையலே அவர்களுக்கு ஏற்றதாயிற்று. தவழும் குழந்தையை இடுப்பில் வாரோ கயிறோ கட்டி அறைக் கூரையின்மேல் பிணைத்து வைப்பர். காண்போருக்கு இது கொடுமையாகத் தோன்றும். இரண்டு பக்கமும் நீர், தொட்டிச் சுவருக்கும் படகுக்கும் இடையே விரற்கடை வெளி என்பதை எண்ணினால் அந்தக் கயிறு எத்தகைய அன்பு என்பது புரியும். பருத்திக்காட்டு வேம்பில் தூளி கட்டிப் பிள்ளையைக் கிடத்திவிட்டு, நிரையின் மறுகோடிவரை பஞ்செடுத்துச் செல்லும் கரிசல் தாயின் காதும் அந்தத் தூளியிலேயே இருக்கும்.

மலையைக் குடைந்த சுரங்கங்கள் வேறொரு சோதனை. அட்டர்சுபீல்டுக் கால்வாயின் இசுடாண்டெட்சுச் சுரங்கம் 1811இல் திறந்தது. நீளம் ஐந்து கிலோமீட்டருக்கு மேல். உள்ளே இழுவைப் பாதை இல்லை. குதிரையை அவிழ்த்து மலைமேல் நடத்தி மறுபுறம் கொண்டுசெல்ல வேண்டும். படகையோ, அதன்மேல் மல்லாந்து படுத்துச் சுரங்கச் சுவரில் கால்களை ஊன்றி ஊன்றி ‘நடந்து’ தள்ள வேண்டும். இருட்டில் மணிக்கணக்கில் நீளும் இவ்வேலைக்கு ஆடவர் படுக்க, குதிரையோடு மலையேறிப் போவது பல வேளைகளில் மனைவி மக்களின் பங்காயிற்று. சுரங்கத்தின் மறுவாயிலில் படகு வெளிப்படும்வரை காத்திருந்தவர்களின் மனநிலையை எந்தப் பதிவேடும் குறித்து வைக்கவில்லை.

கரையில் வாழ்ந்தோர் படகு மக்களை மதிக்கவில்லை. அழுக்கர், குடிகாரர், திருடர் என்று அவர்களைப் பற்றிப் பொதுப்படப் பேசினர். படகு மக்கள் பெரும்பாலும் தமக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்ததற்கு இந்த ஒதுக்கமும் ஒரு காரணம். ஆனால் அவர்களும் சும்மா இருக்கவில்லை. தொட்டிக்கரையில் கைகட்டி நின்று வேடிக்கை பார்க்கும் கரைவாசிகளுக்குக் ‘காங்கூசுலர்’ என்று ஒரு கேலிப்பெயர் சூட்டினர். அந்தச் சொல் இன்றும் ஆங்கிலத்தில் உயிரோடு இருக்கிறது.

சட்டம் படகேறியது

சியார்சு சுமித் என்பவர் சிறுவயதில் செங்கற்சூளையில் களிமண் சுமந்தவர். வளர்ந்து மேற்பார்வை நிலைக்கு உயர்ந்தபின்னும் அந்தச் சுமையை அவர் மறக்கவில்லை. செங்கற்சூளைப் பிள்ளைகளுக்காக அவர் எழுதியும் பேசியும் போராடியதன் பயனாக 1871இல் ஒரு சட்டம் வந்தது. அடுத்து அவர் கால்வாய்ப் பிள்ளைகளின் பக்கம் திரும்பினார். 1875இல் அவர்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். படகு மக்களின் ஒழுக்கத்தைப் பற்றி அவர் எழுதியவற்றில் மிகை உண்டு. அவர் கூறிய எண்ணிக்கைகளையும் பின்வந்த ஆய்வாளர் அப்படியே ஏற்பதில்லை. பிறர் துயரைக் காட்டப் புகுந்தவர், அவர்களுடைய மானத்தையும் சேர்த்துச் சந்தையில் வைத்துவிட்டார் என்ற குறை அவர்மேல் நிற்கத்தான் செய்கிறது. எனினும், அவர் எழுப்பிய குரலால்தான் 1877இல் கால்வாய்ப் படகுச் சட்டம் பிறந்தது. 1884இல் அது வலுப்பெற்றது.

படகைப் பதிவு செய்ய வேண்டும். அறையில் எத்தனைபேர் உறங்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. வளர்ந்த ஆண்பிள்ளையும் பெண்பிள்ளையும் ஒரே அறையில் உறங்கலாகாது. மேற்பார்வையாளர் படகேறிச் சோதிக்கலாம் என்றெல்லாம் விதிகள் வந்தன. உறங்குவோர்க்கு வேண்டிய காற்றைக்கூடச் சட்டம் அளந்தது: பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவருக்கு 60 கன அடி; சிறுவருக்கு 40 கன அடி. ஆறடி நீளம், ஐந்தடி அகலம், இரண்டடி உயரமுள்ள பெட்டிதான் 60 கன அடி. பின்னறையின் குறைந்த அளவு 180 கன அடி என வகுக்கப்பட்டது. அந்த அளவேயுள்ள அறையில், கணக்குப்படி, தாய் தந்தையரோடு ஒரே ஒரு சிறுபிள்ளை உறங்கலாம். இரண்டாவது பிள்ளை பிறந்தால் குடும்பம் குற்றவாளியாகும். நலம் கருதிய சட்டம்தான். ஆயினும், மூத்த பிள்ளையை உறவினர் படகுக்கு அனுப்பிய தாய்க்கு அது எப்படிப் பட்டிருக்கும்?

எல்லாவற்றினும் சிக்கலானது கல்வி. பள்ளி என்பது ஓர் ஊரில் நிற்பது. பிள்ளையும் ஓர் ஊரில் நின்றால்தான் அதில் சேரமுடியும். படகு எந்த ஊரில் பதிவாகியிருக்கிறதோ அந்த ஊரே பிள்ளையின் ஊர் என்று சட்டம் கூறிவிட்டது. தாளில் ஊர் கிடைத்தது. பிள்ளையோ அவ்வூரைத் தாண்டி அறுபது மைல் தொலைவில் குதிரையோடு நடந்துகொண்டிருந்தது. சரக்கிறக்கக் காத்திருக்கும் ஓரிரு நாளில் அருகிலுள்ள பள்ளியில் சென்று அமரும். வகுப்பில் எங்கோ நடுவில் ஒரு பாடம் ஓடிக்கொண்டிருக்கும். அது புரியத் தொடங்கும்முன் படகு புறப்பட்டுவிடும். படகு மக்களுள் பலர் எழுத்தறியாமலே மூத்தனர். ஆனால் நூற்றுக்கணக்கான பாலங்களையும் தொட்டிகளையும் வளைவுகளையும் மனப்பாடமாக அறிந்திருந்தனர். பாலத்தின் பெயர்ப்பலகையைப் படிக்கத் தெரியாது, பாலத்தையே படித்தனர்.

இலண்டனை அடுத்த மேற்கு டிரேட்டனில் 1930இல் ‘எல்சுடேல்’ என்னும் சரக்குப் படகைப் பள்ளிக்கூடமாக மாற்றி நிறுத்தினர். பிள்ளைகள் பள்ளிக்கு வர இயலாதபோது பள்ளி நீரில் இறங்கிற்று. சுடோக் புரூயெர்ன் என்னும் சிற்றூரில் மேரி வார்டு என்னும் செவிலியர் கால்வாய்க் கரையிலேயே மருந்தகம் அமைத்துப் படகு மக்களுக்கு மருத்துவம் பார்த்தார். 1951இல் அரசு அவருக்குப் பதக்கம் வழங்கியது. நிற்க நேரமில்லாத மக்களுக்குத் தொண்டு செய்ய விரும்புவோர் அவர்கள் போகும் வழியில் நின்றாக வேண்டும் என்பதை இவர்கள் அறிந்திருந்தனர்.

உறைந்த நீர்

இருபதாம் நூற்றாண்டில் குதிரைக்குப் பதிலாகப் பொறி வந்தது. ஒரு பொறிப்படகு இன்னொரு படகை இழுத்துச் சென்றது. இரண்டாம் படகின் சுக்கானில் பெரும்பாலும் மனைவியே நின்றாள். சரக்குந்துகள் பெருகின. 1948இல் கால்வாய்கள் அரசுடைமை ஆயின. 1962–63ஆம் ஆண்டுக் குளிர்காலம் மிகுந்த கடுமையோடு வந்தது. கால்வாய்கள் வாரக்கணக்கில் உறைந்து கிடந்தன. படகுகள் பனிக்கட்டியில் பிணைக்கப்பட்டன. பனி உருகியபோது சரக்குகளுள் பல சாலைக்கு மாறியிருந்தன. 1963இல் அரசு நிறுவனம் தன் படகுப் போக்குவரத்தில் பெரும்பகுதியைக் கைவிட்டது. பத்தடி அறையில் பிறந்தவர்கள் கரையில் வீடு கொடுக்கப்பட்டுக் குடியேறினர். அசையாத தரையில் உறக்கம் பிடிக்கவில்லை என்று அவர்களுள் ஒருவரேனும் சொல்லியிருக்க மாட்டாரா?

இன்று அக்கால்வாய்களில் மீண்டும் மக்கள் வாழ்கின்றனர், கூலிக்காக அல்ல. நகரங்களின் வீட்டு விலையும் வாடகையும் தாளாமல் சிலர், விருப்பத்தால் சிலர். சூரியத் தகடும் கழிவுத் தொட்டியும் எரிவளி உருளையும் உள்ள படகுகள் அவை. நிலையான துறை இல்லாத படகு ஓரிடத்தில் 14 நாளுக்கு மேல் தொடர்ந்து நிற்கக்கூடாது என்கிறது 1995ஆம் ஆண்டுச் சட்டம். ஆகவே பள்ளி செல்லும் பிள்ளை உள்ள குடும்பம், பள்ளியிலிருந்து மிகவும் விலகாமலும், நின்ற இடத்திலேயே நிற்காமலும் நகர்ந்துகொண்டிருக்க வேண்டும். அஞ்சல் எங்கே வரும், மருத்துவரிடம் எந்த முகவரியைக் கொடுப்பது என்னும் பழைய வினாக்கள் புதிய படிவங்களில் தொடர்கின்றன.

முகவரி கேட்கும் படிவங்கள் தமிழ்நாட்டிலும் உண்டு. தை பிறந்ததும் வீட்டைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு செங்கற்சூளைக்குச் செல்வோர், மழை தொடங்கும்போது திரும்புகின்றனர். அறுவடை முடிந்த வயல்களில் கிடை போட்டுக்கொண்டே மாவட்டம் மாவட்டமாக ஆடுகளோடு நடக்கும் கீதாரிக் குடும்பங்கள், போன இடத்தில் வலைக்கட்டி, அடுப்புக்கூட்டி இரவைக் கழிக்கின்றன. 2010 ஏப்பிரல் முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் பதினான்கு வயதுவரை உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் அருகமைப் பள்ளியில் இடமளிக்கிறது. அந்த ‘அருகமை’ என்னும் சொல்லை, ஆண்டுக்குப் பத்து ஊர் மாறும் பிள்ளைக்கு எப்படிப் பொருள்கொள்வது என்பதைத்தான் மாற்றுச்சான்றிதழ் கேட்கும் பள்ளிகளும், சூளைக்கருகே இணைப்பு வகுப்பு நடத்தும் ஆசிரியர்களும் நாள்தோறும் எதிர்கொள்கின்றனர்.

இராசபாளையத்தின் பருத்தி இப்போது இலிவர்ப்பூலுக்குப் போவதில்லை. 1936இல் இங்கேயே நூற்பாலை எழுந்தது. பின்னர் ஆலைகள் பெருகின. அருகிலுள்ள சத்திரப்பட்டியில் காயம் கட்டும் துணி நெய்யப்பட்டு நாடெங்கும் மருத்துவமனைகளுக்குச் செல்கிறது. நூல் சிப்பங்களும் துணிக்கட்டுகளும் ஏற்றிய சரக்குந்து மாலையில் புறப்படுகிறது. வடமாநிலம் போகும் வண்டியானால் திரும்பப் பல நாளாகும். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னே ஆறடிப் பலகை. அதில் ஒரு பாயும் தலையணையும். காலடியில் மண்ணெண்ணெய் அடுப்பும் அரிசிப் பையும் தண்ணீர்க் குடுவையும். கண்ணாடிக்கு மேலே பிள்ளைகளின் நிழற்படம். கதவில் பூக்களும் மயிலும் வண்ணத்தில். குடும்பம் வீட்டில் இருக்கிறது. இரவு சுங்கச்சாவடியைக் கடந்ததும் அவர் வண்டியை ஓரங்கட்டி, கைப்பேசியில் மகளை அழைத்து அன்றைய பாடத்தைக் கேட்கிறார்.